ஒரு கப் பாஸ்தான்னா எத்தனை கிராம்? - அக்கா கேட்ட கேள்வியும் எங்கள் வீட்டுத் தராசும்

எங்கள் வீட்டில் பாஸ்தா என்பது சமையல் கிடையாது. கணக்குப் பாடம்.

என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். இரண்டு வருடங்களுக்கு முன்பு அவளுக்கு டைப் 1 டயாபடீஸ் என்று தெரியவந்தது. பெரியவர்களுக்கு வருவதைப்போல மாத்திரையில் ஓட்டிவிடக்கூடிய விஷயம் அல்ல இது. உடம்பில் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கும் ஊசி. எத்தனை யூனிட் போட வேண்டும் என்பது, தட்டில் எத்தனை கிராம் மாவுச்சத்து இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கூடப் போட்டால் சர்க்கரை சரசரவென இறங்கிவிடும். குறைத்துப் போட்டால் ஏறிவிடும்.

இட்லி, தோசை, சாதம் எல்லாம் அக்காவுக்கு ஒரு மாதத்திலேயே கைவந்துவிட்டது. ஒரே மாவு, ஒரே இட்லித்தட்டு. ஒரு தடவை எடை பார்த்துவிட்டால் வருஷத்துக்கும் அதே கணக்கு. சிக்கல் செய்தது பாஸ்தாதான். பாப்பாவுக்கு உலகத்திலேயே பிடித்த உணவும் அதுதான். விதி!

அக்கா இருப்பது தஞ்சாவூரில். நான் சென்னையில், இந்த டிஜிட்டல் டெஸ்க்கில். ஒருநாள் ராத்திரி ஒன்பதரைக்குப் போன் செய்தாள். குரல் நடுங்கியது. "பாப்பாவுக்கு சுகர் 62-க்கு இறங்கிடுச்சுடி. இப்ப சரியாயிட்டா. ஆனா சார்ட்ல இருக்கறபடிதான் கணக்குப் போட்டேன். ஒரு கப் பாஸ்தா, 45 கிராம் கார்ப். அப்புறம் ஏன் இப்படி?"

டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் பொறுத்து மறுபடி விரலில் குத்திப் பார்த்து, ஏறிவிட்டது என்று உறுதியான பிறகுதான் எனக்குப் போன் செய்திருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் பாப்பா மாடியில் ஏறி இறங்கி விளையாடியதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால், அக்கா மனதில் அந்த 'ஒரு கப்' மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

"நீ எந்த கப்புல அளந்த?" என்றேன்.

"கப்னா கப்புதான்... நம்ம காபி டம்ளரு."

ஜர்னலிசம் டிப்ளோமாவில் எனக்குச் சொல்லிக்கொடுத்த உருப்படியான பாடம் ஒன்று உண்டு. யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், உடனே அலகைக் கேள். 'ஒரு கப்' என்பதில் எண் இருக்கிறது. அலகு இருக்கிறதா?

இல்லை என்பதுதான் நிஜம். அமெரிக்காவில் கப் என்றால் சுமார் 237 மில்லி. உணவுப் பாக்கெட்டுகளின் சத்து விவரத்துக்கு மட்டும் அங்கே 240 மில்லி என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200. நம் வீடுகளில் எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரோடு ஒரு பிளாஸ்டிக் கப் கொடுப்பார்களே, அது 180 மில்லி. ஜப்பானின் பழைய அரிசி அளவை அப்படியே குக்கரோடு சேர்த்து நமக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த கப்பை வைத்துக்கொண்டு அமெரிக்க ரெசிபியைச் செய்தால் கால் பங்கு காணாமல்போகும். அக்காவின் காபி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் 200 மில்லி பிடித்தது.

ஆனால், டம்ளர் சின்னது என்பதோடு விஷயம் முடியவில்லை. அந்த வார லீவில் பஸ் ஏறித் தஞ்சாவூர் போய்விட்டேன். பையில் ஆன்லைனில் வாங்கிய குட்டி டிஜிட்டல் தராசும், 240 மில்லி கப் ஒன்றும்.

தராசைப் பார்த்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு. "நகைக் கடையா வெக்கப்போறீங்க? நான் நாப்பது வருஷமா ஆழாக்குல அளந்துதான் சமைக்கிறேன். என்னிக்காவது சாதம் குழைஞ்சிருக்கா?"

குழைந்ததில்லை. ஏன் குழையவில்லை என்று யோசித்தபோதுதான் பாதி விஷயம் புரிந்தது. அம்மா ஒரு ஆழாக்கு அரிசிக்கு அதே ஆழாக்கால் இரண்டரை தண்ணீர் வைப்பார். பாத்திரம் சின்னதோ பெரியதோ, அரிசியையும் தண்ணீரையும் அளப்பது ஒரே பாத்திரம் என்பதால் விகிதம் மாறாது. சேமியா உப்புமாவும் அப்படித்தான். ரவை உப்புமாவும் அப்படித்தான். நம் சமையலில் பாதிக்கு மேல் விகிதக் கணக்கு. அதில் கிராம் தேவையே இல்லை. டம்ளர் போதும், தேங்காய்த்தொட்டிகூடப் போதும்.

பாஸ்தாவில் அந்தப் பாச்சா பலிக்காது. நிறைய தண்ணீரைக் கொதிக்கவைத்து, வேகவைத்து, மிச்சத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுகிறோம். இத்தாலியர்கள் வீட்டில் சொல்லிக்கொடுக்கும் கணக்கு: ஒரு லிட்டர் தண்ணீர், 100 கிராம் பாஸ்தா, 10 கிராம் உப்பு. தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால், பாஸ்தா எத்தனை என்பதை மட்டும் கிராமில்தான் சொல்வார்கள். ஓர் ஆளுக்கு வேகாத பாஸ்தா 80 கிராம் என்பது அங்கே வழக்கமான அளவு. அமெரிக்கப் பாக்கெட்டுகளில் ஒரு பரிமாறலுக்கு 2 அவுன்ஸ், அதாவது 56 கிராம் என்று போட்டிருக்கும்.

சமையலைக் கப்பில் அளக்கும் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியதில் ஃபேனி ஃபார்மர் என்ற சமையல் ஆசிரியைக்குப் பெரிய பங்கு உண்டு. 1896-ல் வெளியான அவருடைய பாஸ்டன் சமையல் பள்ளிப் புத்தகத்தில், கப்பையும் ஸ்பூனையும் மேலே வழித்துச் சமமாக்கித்தான் அளக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். இதைச் சொன்னதும் அம்மா, "இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமா? தலைதட்டி அளக்கறதுதானே" என்றார்.

அதேதான்! நெல் அளக்கும்போது படியைக் கோபுரமாகக் குவித்து அளப்பது ஒன்று, தலைதட்டி அளப்பது ஒன்று. அம்மாவின் அப்பா களத்தில் நெல் அளக்கும்போது 'ஒன்று' என்று சொல்ல மாட்டாராம். 'லாபம்' என்றுதான் தொடங்குவாராம். லாபம், ரெண்டு, மூணு... இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்று அம்மா இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். 1956-ல் எடை, அளவைச் சட்டம் வந்து, 1958 அக்டோபரில் தொடங்கி நாடு முழுக்க மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கடைக்காரர்கள் கிலோவுக்கு மாறிவிட்டார்கள். அம்மாவின் அரிசிப் பானைக்குள் ஆழாக்கு இன்னும் அப்படியே கிடக்கிறது.

அரிசிக்கு அது சரிவரக் காரணம், அரிசி ஒழுங்கான பிள்ளை. சின்னச் சின்ன மணி, நெருக்கமாக உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்கு ஓர் ஆழாக்கும் நாளைக்கு ஓர் ஆழாக்கும் எடையில் பெரிதாக வேறுபடாது. பாஸ்தா அப்படியல்ல. குழல், சிப்பி, ஸ்பிரிங், வண்ணத்துப்பூச்சி என்று ஆளுக்கொரு வடிவம். ஒன்றின் மேல் ஒன்று ஏடாகூடமாகச் சாய்ந்து, இடையில் காற்றுக்கு நிறைய இடம் விட்டுக்கொள்ளும். கப்பில் நாம் அளப்பதில் ஒரு பங்கு வெறும் காற்று.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து வேலையைத் தொடங்கினோம். தராசின் மேல் கப்பை வைத்து, பட்டனை ஒரு தட்டு தட்டினால் பூஜ்ஜியம் காட்டும். கப்பின் எடை கழிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு பாஸ்தாவைக் கொட்டி, தலைதட்டி, எடை பார்க்க வேண்டியதுதான். கொட்டுவது பாப்பா, படிப்பது நான், எழுதுவது அக்கா. மாமா வழக்கம்போல் டிவி பார்த்தபடி, "எவ்ளோ வந்துச்சு?" என்று கேட்கும் துறை.

240 மில்லி கப்பில், வேகாத மக்ரோனி 112 கிராம் வந்தது. பென்னே என்கிற சாய்வாக வெட்டிய குழல் 93. ஸ்பிரிங்போலச் சுருண்ட ஃபுசில்லி 84. வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் இருக்கும் ஃபார்ஃபாலே 75-தான். நான்கும் ஒரே மாதிரி கோதுமை ரவையில் செய்தவை, அதே கப், அதே கை. சூப்பர் மார்க்கெட்டில் எப்போதாவது கண்ணில்படும் ஓர்ஸோ என்ற அரிசி வடிவ பாஸ்தா என்றால் இதே கப்பில் 165 கிராமுக்கு மேல் போகும். வண்ணத்துப்பூச்சியைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம்.

எங்கள் பாக்கெட்டில் 100 கிராம் வேகாத பாஸ்தாவில் 72 கிராம் மாவுச்சத்து என்று அச்சடித்திருந்தது. அப்படியென்றால், 'வேகாத ஒரு கப்' என்பது வண்ணத்துப்பூச்சியில் 54 கிராம் மாவுச்சத்து, மக்ரோனியில் 80. அக்கா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அந்த சார்ட் சொல்வது வெந்த பாஸ்தாவின் கப். மருத்துவமனைகளில் கொடுக்கும் பட்டியல்கள் பலவும் வெளிநாட்டுப் பட்டியல்களின் வழியில் வந்தவை. அமெரிக்காவில் புழங்கும் பட்டியலில், மூன்றில் ஒரு கப் வெந்த பாஸ்தாவுக்கு 15 கிராம் மாவுச்சத்து என்று இருக்கும். முழு கப்புக்கு 45. சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று அடுப்பைப் பற்றவைத்தோம்.

100 கிராம் பென்னே வெந்து வடிந்ததும் 225 கிராம் ஆனது. கூடியது அத்தனையும் தண்ணீர். அதை 240 மில்லி கப்பில் அழுத்தாமல் நிரப்பினால் 107 கிராம் பிடித்தது. 107-ஐ 2.25-ஆல் வகுத்தால், வேகாத நிலையில் அது 47 கிராம் சொச்சம். அதில் மாவுச்சத்து 34 கிராம். சார்ட் சொன்னது 45. இடையில் 11 கிராம். அதுவும் முழு 240 மில்லி கப்புக்கு! அக்காவின் 200 மில்லி டம்ளருக்கு என்றால் 28 கிராம்தான் வருகிறது. 28 கிராம் சாப்பிட்ட குழந்தைக்கு 45 கிராமுக்கான இன்சுலின் போயிருக்கிறது.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

அந்த சார்ட் பொய் சொல்கிறதா என்று பார்க்க மக்ரோனியையும் வேகவைத்தேன். கப்பில் சாதாரணமாக நிரப்பினால் 115 கிராம். கரண்டியால் லேசாக அழுத்தி நிரப்பினால் 140. அந்த 140 கிராமுக்குக் கணக்குப் போட்டால் 45 கிராம் மாவுச்சத்து 'டாண்' என்று வந்து நின்றது! ஆக, சார்ட் பொய் சொல்லவில்லை. அது மனதில் வைத்திருக்கும் பாஸ்தா வேறு, அதை நிரப்பிய கை வேறு. அதை யாரும் அக்காவிடம் சொல்லவில்லை. அந்தத் தாளிலும் வடிவம் எது, கப் எத்தனை மில்லி என்று ஒரு வரி இல்லை. பெரியவர்கள் குத்துமதிப்பாக டயட் இருக்கும்போது இதெல்லாம் பெரிய விஷயமில்லை. 11 கிராம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைக்கு அப்படி இல்லை. அதனால்தான் எனக்கு அந்தத் தாளின் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது, அக்கா இந்த நோட்டை டயட்டீஷியனிடம் காட்டினாள். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "கப்பை மறந்துடுங்க. வேகறதுக்கு முன்னாடி எடை போடுங்க" என்றாராம். காரணம் எளிது. அல்டென்டே என்று இத்தாலியர்கள் சொல்கிற, நடுவில் லேசாக நறுக்கென்று இருக்கும் பதத்தில் எடுத்தால் பாஸ்தா குறைவாகத் தண்ணீர் குடித்திருக்கும். நம் வீட்டுப் பதத்தில் நன்றாகக் குழைய வேகவிட்டால் கூடுதலாகக் குடித்திருக்கும். வெந்த எடை தினம் மாறும். வேகாத எடை மாறாது. உள்ளே போன மாவுச்சத்து அதேதான்.

ஆனால், வீட்டில் பாப்பாவுக்கு மட்டும் தனியாக வேகவைப்பது நடக்கிற காரியமா? நான்கு பேருக்கும் ஒரே பாத்திரம்தான். அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி இது. வேகாத பாஸ்தா 300 கிராம் போட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெந்து வடித்ததும் மொத்தமாக எடை பார்க்கிறோம், 675 கிராம். 675-ஐ 300-ஆல் வகுத்தால் 2.25. பாப்பாவுக்கு அந்த வேளைக்கு 40 கிராம் மாவுச்சத்து வரும்படி பாஸ்தா வேண்டும் என்றால், வேகாத கணக்கில் 55 கிராம். 55-ஐ 2.25-ஆல் பெருக்கினால் 124. அவள் தட்டில் வெந்த பாஸ்தா 124 கிராம் வைத்தால் போதும். அடுத்த நாள் இன்னும் குழைந்துபோய் மொத்தம் 720 கிராம் வந்தால் 2.4-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டியது. செல்போன் கால்குலேட்டரில் பத்து விநாடி வேலை. (40 கிராம் என்பது உதாரணத்துக்குத்தான். உங்கள் வீட்டுக் குழந்தைக்கு எத்தனை கிராம், எத்தனை யூனிட் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.)

வெங்காயம், தக்காளி, மசாலா எல்லாம் சேர்த்து, வடிக்காமல் ஒரே சட்டியில் செய்கிற நம் ஊர் 'மசாலா பாஸ்தா' என்றால் இன்னும் சுலபம் என்று சொல்வேன். சட்டியில் போன மொத்த மாவுச்சத்து தெரியும். இறக்கியதும் சட்டியோடு எடை பார்த்து, சட்டியின் எடையைக் கழித்தால் மொத்த உணவின் எடை. அதில் பாப்பாவின் தட்டுக்கு எத்தனை பங்கு போகிறதோ, மாவுச்சத்தும் அத்தனை பங்கு. வெள்ளை சாஸ் செய்தால் அதில் சேரும் மைதாவையும் பாலையும் மறக்காமல் மொத்தத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பகெட்டி தனிக்கதை. நீளக் குச்சியைக் கப்பில் அளப்பது எப்படி? வெளிநாடுகளில் நடுவில் ஓட்டைகள் உள்ள அளவுச் சட்டம் விற்கிறார்கள். குச்சிகளைக் கட்டாகப் பிடித்து, குறுக்கே சுமார் இரண்டரை சென்டிமீட்டர் வந்தால் அது ஏறக்குறைய 56 கிராம். இரண்டு பேருக்கு வேண்டும் என்று ஐந்து சென்டிமீட்டர் கட்டாகப் பிடித்துவிடாதீர்கள். அது நான்கு பேருக்கு ஆகிவிடும். வட்டத்தின் விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு என்று ஸ்கூலில் படித்தது, இத்தனை வருடம் கழித்து அடுப்படியில் வந்து நின்றது. "நாங்க இதை இன்னும் படிக்கலையே" என்றாள் பாப்பா.

இவ்வளவும் தராசு இருந்தால். இல்லாதபோது? போன மே மாதம் மாமா வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். ஒரு வாரம் கிராமத்து வீட்டில் தங்கல். தராசு தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டது. பாப்பா பாஸ்தா கேட்டாள். அக்கா அசரவில்லை. டவுன் கடையில் 500 கிராம் பென்னே பாக்கெட் ஒன்று வாங்கினாள். அந்த வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து, பாக்கெட் முழுவதையும் தலைதட்டித் தலைதட்டி அளந்தாள். ஆறரை டம்ளர் வந்தது. 500-ஐ 6.5-ஆல் வகுத்தால் 77. ஒரு டம்ளர் பென்னே 77 கிராம். முடிந்தது!

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பிடித்த வழி. பாக்கெட்டின் மேல் நிகர எடை போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஒவ்வொரு பாக்கெட்டும் நம் வீட்டுக்கு வருகிற ஓர் எடைக்கல். கப் எத்தனை மில்லி, எந்த நாட்டு கப் என்ற விசாரணையே வேண்டாம். எந்தப் பாத்திரமும் சரி, எந்த வடிவமும் சரி. ஒரு முறை அளந்து, டம்ளரின் அடியில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவைத்துக்கொண்டால் போதும். ஆனால் பென்னேவுக்கு அளந்ததை மக்ரோனிக்கு எடுக்கக் கூடாது. பாக்கெட்டின் அடியில் உடைந்த துண்டுகள் சேர்ந்திருக்கும். அவை நெருக்கமாக உட்காருவதால் கடைசி டம்ளர் மட்டும் கொஞ்சம் கனக்கும். அளப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டிக் கலந்துவிடுவது நல்லது. டம்ளரைத் தரையில் தட்டித் தட்டி இறுக்குவதும் வேண்டாம். தட்டினால் எடை கூடும்.

ஊசிக் கணக்கு இல்லாத வீடுகளுக்கும் இது உதவும். சாயங்கால டிபனுக்கு ஒரு பாக்கெட்டை அப்படியே கொட்டிவிட்டு, ராத்திரி வரைக்கும் அதையே சாப்பிடும் குடும்பங்கள் எனக்குத் தெரியும். எங்கள் மேன்ஷனில் நான்கு பேர் சேர்ந்து சமைக்கும்போது இப்போது ஆளுக்கு ஒரு டம்ளர் என்றுதான் கணக்கு. மிச்சமே விழுவதில்லை.

ஹோட்டலில் மட்டும் எந்தக் கணக்கும் நடக்காது. தட்டு வந்து இறங்கும்போது அதில் எத்தனை கிராம் என்று செய்தவருக்கே தெரியாது. சாஸ், சீஸ், கூடவே பூண்டு ரொட்டி வேறு. அங்கே போனால் பாப்பாவுக்கு பாஸ்தா கிடையாது என்று அக்கா முதலில் சட்டம் போட்டாள். பிறகு, வீட்டில் 124 கிராம் வைத்துப் பழகிய கண்ணால் தட்டைப் பார்த்து ஒரு மதிப்புப் போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறக்காமல் விரலில் குத்திப் பார்ப்பது என்று சட்டம் தளர்ந்தது. எத்தனையோ முறை எடை பார்த்த பிறகு கண்ணுக்கே ஒரு தராசு வந்துவிடுகிறது. போன மாதம் அவள் போட்ட மதிப்பு அநேகமாகச் சரி. அதற்கு முந்தைய மாதம் சரியில்லை. சர்க்கரை 240-ஐத் தொட்டது.

அக்காவின் சமையலறையில் இப்போது புதுப் பிரச்னை ஒன்று. சட்டியோடு எடை பார்த்துக் கழிக்க வேண்டும் என்றால், காலிச் சட்டியின் எடை எப்போதும் நினைவில் இருக்க வேண்டும். ஸ்கெட்ச் பேனாவில் எழுதினால் நாலு தடவை தேய்த்ததும் போய்விடுகிறது. அதனால் போன வாரம் கீழவாசல் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்கு, பேர் வெட்டுபவரிடம் மூன்று சட்டிகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

அவர் மெஷினை எடுத்துக்கொண்டு, "என்ன பேர் போடணும்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"பேர் வேணாங்க. இதுல 612-ன்னு போடுங்க, இதுல 845, இதுல 1,130."

"வீட்டு நம்பரா?"

"இல்லீங்க, சட்டியோட வெயிட்டு."

அவர் மெஷினை நிறுத்திவிட்டு, சட்டியை ஒரு தடவை கையில் தூக்கிப் பார்த்தாராம். பிறகு, "கிராம்னு சேர்த்துப் போடட்டுமா, வெறும் நம்பர் போதுமா?" என்றாராம்.